ஸ்டோரம்மாவின் முதுகு

தம்பி,

நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. சௌக்கியமாகத்தான் இருப்பாய். நேற்றுக்கூட நம் கோயிலின் புதுக்கோபுரத்துக்கு முன்னால் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு நின்ற போட்டோவைக் குரூப்பில் போட்டிருந்தாய். இந்தக் கடிதத்தையும் அதே குரூப்பில்தான் போடுகிறேன். 'ஸ்டோரம்மன் பங்காளிகள்' என்று இருந்த பெயரை நீ 'ஏலாம்பிகை குடும்பம்' என்று மாற்றினாயே, அதில். நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். நீ பெங்களூரிலிருந்து பேசினால் 'சிக்னல் இல்லை' என்று கட் பண்ணுவாய். இங்கே போட்டால் உன் சித்தப்பாமார் படிப்பார்கள், அவர்கள் வீட்டு மருமகள்கள் படிப்பார்கள், உன் அப்பாவும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பார். நீயும் வேறு வழியில்லாமல் படிப்பாய். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் பாசமும் புத்திமதியும் இருக்கும் என்பார்கள், கடைசியில் மன்னிப்பும் கேட்பார்கள். எனக்கு அந்த மூன்றும் இப்போது கைவசம் இல்லை. கோபம் இருக்கிறது, அதைத்தான் தரமுடியும்.

போன வாரம் நீ போடிக்கு வந்திருந்தபோது மாடியில் நின்று உன் சித்தப்பாவிடம் பேசியது, கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு முழுவதும் கேட்டது. "கதவடைப்பு அன்னிக்கு உள்ள ஒரு சின்னக் கேமரா வச்சிருவோம் சித்தப்பா. இருட்டுலயும் எடுக்கும். வெளிய பெரிய ஸ்கிரீன்ல ஓடவிட்டா, அவ மூஞ்சி போற போக்க எல்லாரும் பாக்கலாம்" என்றாய். அவர் சிரித்துவிட்டு, "புள்ளைக்கு இருட்டுன்னா பயம்னு சொன்னியேடா" என்றார். அதற்கு நீ சொன்ன பதிலைத்தான் நான் இத்தனை நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். "அதுக்குத்தான் சித்தப்பா. உள்ள ஒக்காந்து எந்திரிச்சா பயமும் போயிரும், வேலைக்குப் போறேன்னு அடம்பிடிக்கிறதும் போயிரும். ஸ்டோரம்மா பாத்துக்குவா." அடேங்கப்பா! அம்மனுக்கு ஏலாம்பிகை என்று புதுப்பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவனுக்கு, காரியம் ஆகவேண்டும் என்றதும் ஸ்டோரம்மா என்ற பழைய பெயர் நாக்கில் வந்துவிட்டது பார்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற சுகன்யா ஏன் பயப்படுகிறாள் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடமும் சொன்னாள். பூப்பாறைக்கு மேலே எஸ்டேட் லயத்தில் இருந்தபோது, அவள் சின்னப்பிள்ளையாக இருக்கையில், ஒரு மழைக்கு மண் சரிந்து வந்து வீட்டுக் கதவை வெளியே இருந்து அடைத்துவிட்டது. "உருள்பொட்டல் அத்தை. அம்மாவும் நானும் உள்ள. கத்துனது யாருக்கும் கேக்கல" என்றாள். அன்றிலிருந்து அவள் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடுவதில்லை. குளியலறைக் கதவில்கூட ஒரு செருப்பைக் கொடுத்து ஒருக்களித்து வைப்பாளாம். இதை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ ஒரு தமாஷாகச் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து என்னிடம் மெதுவாக, "அத்தை, அங்க ரொம்ப நேரம் இருக்கணுமா?" என்று கேட்டாள். எனக்கு அந்தப் பதில் தெரியாது என்பதுதான் உண்மை.

சுகன்யாவின் வீட்டாரும் இந்தக் குரூப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்காக வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வருகிற பெண்ணைத் தாலி கட்டின மறுநாள் குரங்கணியிலிருந்து ஜீப்பில் ஏற்றி, காப்பிக்காடு தாண்டி, ஏலக்காய்ச் சரிவில் இருக்கிற ஸ்டோரம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கருவறைக்குள் தனியாக உட்காரவைத்துக் கதவை வெளியே தாழிடுவார்கள். தாழ்ப்பாளில் ஆம்பளை கை படக்கூடாது, மாமியார்தான் போடவேண்டும், மாமியார்தான் திறக்கவேண்டும். வெளியே உறுமி அடிப்பார்கள். உள்ளே இருக்கிறவள் கதவைத் தட்டவேண்டும். அவள் எவ்வளவுக்குத் தட்டுகிறாளோ அவ்வளவுக்கு அந்த வருஷம் காய் பிடிக்குமாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஆம்பளைகள் கூவுவார்கள், உறுமி இன்னும் ஏறும். என் மாமியார் போனபிறகு நம் வீட்டில் நடக்கப்போகிற முதல் கதவடைப்பு இது. தாழ்ப்பாள் என் கைக்கு வந்திருக்கிறது. அதை நீ மறந்துவிட்டாய்.

இப்போது உன் கோயிலுக்கு வருகிறேன். குடமுழுக்குக்கு முன்னால் மண்டபத்தில் கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்தில் தல வரலாறு வைத்தாய். அதை நான் நின்று நிதானமாகப் படித்தேன். 'மலைமகளின் அம்சமாகத் தோன்றிய அன்னை ஏலாம்பிகை, ஏலக்காய் மணம் கமழும் இத்தலத்தில் ஜோதியில் ஐக்கியமானாள். பின்சுவரை ஒட்டி நில்லாமல் வாசலுக்கே வந்து பக்தரை வரவேற்கும் அன்னையை வேறெங்கும் காண முடியாது.' நல்ல தமிழ். யாரிடம் எழுதி வாங்கினாய்? வர்ணம் பூசிய மூன்று நிலைக் கோபுரத்தையும் தகரக் கூரை மண்டபத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால், உள்ளே இருப்பது ஒரு ஏலக்காய் ஸ்டோர். பச்சைக்காயைப் பரப்பி, சூடு கொடுத்து உலர்த்துகிற அறை. அதனால்தான் முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர். அதனால்தான் ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் துவாரங்கள் இருக்கின்றனவே, நீ நவக்கிரகம் என்று சொல்லி அங்கே பொம்மைகளைப் பதித்தாயே, அவை காயிலிருந்து கிளம்புகிற ஈர ஆவி போகிற வழி. நீ 'அணையா விளக்கு மாடம்' என்று பெயர் வைத்த குழி, வெளியே இருந்து விறகு வைத்து எரிக்கிற அடுப்பு வாய். அந்தச் சூட்டையும் புகையையும் இரும்புக் குழாய் அறைக்குள்ளே தரையோடு சுற்றிக் கொண்டுபோய், எதிர்ச் சுவரில் வெளியே விடும். அந்த ஓட்டைக்கு நீ பித்தளையில் பசுமுகம் மாட்டி, கோமுகி என்று தீர்த்தம் பிடித்துக் கொடுக்கிறாய். ஜனங்களும் கண்ணில் ஒற்றிக் குடிக்கிறார்கள்.

உன்னை விட, கோபுர வேலைக்கு நீ கூட்டிவந்த ஸ்தபதி பரவாயில்லை. கருவறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்துகொண்டு, "என்னங்க இது, எந்தக் கோயில்லயும் சாமி பின்னாடிதான் இருக்கும். இங்க நிலைக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கு கதவுல இடிக்கிற மாதிரி நிக்கிறாளே" என்று கேட்டார். "அதான் எங்க ஊரு ஸ்பெஷல்" என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியாது, சித்தப்பாமாருக்குத் தெரியாது, கோயில் கட்டின காலத்திலிருந்து இந்த வம்சத்தில் பிறந்த எந்த ஆம்பளைக்கும் தெரியாது. ஏனென்றால் அதைச் சொல்கிற இடம் கதவுக்கு உள்ளே இருக்கிறவளுக்கும் வெளியே நிற்கிற மாமியாருக்கும் நடுவில்தான். நீங்கள் உறுமி அடித்துக் கூத்தாடுகிறபோது, மாமியார் கதவிடுக்கில் வாயை வைத்து உள்ளே இருப்பவளுக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டும். கதவடைப்பு என்பதே அதற்குத்தான், தம்பி. காய் பிடிக்கிறதெல்லாம் உங்களுக்குச் சொல்கிற சாக்கு.

என் கதவடைப்பு நல்ல மத்தியானத்தில் நடந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் நிற்கிற அம்மனைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும், அவ்வளவு இடுக்கு. புதுப்பட்டுச்சேலை கல்லில் உரசிக் கிழிந்துவிடுமோ என்று அப்போது அதற்குத்தான் பயந்தேன் என்றால் எவ்வளவு வெகுளியாக இருந்திருப்பேன்! பின்னால் போய் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அப்போது நான் ஒன்றைப் பார்த்தேன், மேலே துவாரத்தில் வந்த கொஞ்ச வெளிச்சத்தில். அவளுடைய முதுகை. வெளியே நின்று கும்பிடுகிற உங்களுக்கு மஞ்சள் பூசின முகமும் வெள்ளிக் கண்ணும்தான் தெரியும். அந்தக் கல்லுக்கு முதுகு செதுக்கவில்லை. உளி படாத சொரசொரப்பான பாறை. கதவைப் பார்த்துக்கொண்டு, வெளியே போகவேண்டியவள் போல நிற்கிறாள்.

அப்புறம் கதவிடுக்கில் உன் அப்பத்தாவின் குரல் வந்தது. நீ தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அதே அப்பத்தா, எனக்கு மாமியார். "அடியே, நல்லாக் கேட்டுக்க. ஒரு தடவதான் சொல்லுவேன்" என்று ஆரம்பித்தாள். கல்லாக நிற்கிறவள் பேர் வெள்ளையம்மா. உன் அப்பாவின் முப்பாட்டனுக்குக் கட்டிவந்த பெண். பிறந்த ஊர் கீழே சிலமலை. அங்கே அவர்களுக்குச் சோளமும் கம்பும் விளைகிற காடு. இங்கே மலையில் குளிரும் அட்டையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேகம் இல்லாத நாளில் சரிவில் நின்றால் கீழே சிலமலைப் பக்கத்துச் சமவெளி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம், பார்த்துப் பார்த்து ஒருநாள் இறங்கி நடந்துவிட்டாள். பாதி வழியில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அடித்தார்கள். மறுபடியும் இறங்கினாள். இரண்டாவது தடவை முப்பாட்டன், "இவளுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும்" என்று ஸ்டோருக்குள் போட்டுத் தாழிட்டான். 'உள்ள ஒக்காந்து எந்திரிச்சா வழிக்கு வந்துரும்' என்பது நீ கண்டுபிடித்த வித்தை என்றா நினைத்தாய்? உன் ரத்தத்தில் வந்தது.

அது காய் எடுக்கிற பருவம். மழை. அன்றைக்கென்று சரிவிலிருந்து பச்சைக்காய் சாக்குச் சாக்காக வந்து இறங்கியது, உள்ளே முன்னமே பரப்பிய காயும் ஈரமாகக் கிடந்தது. அன்றைக்கே சூடு காட்டாவிட்டால் காய் கறுத்துவிடும், பச்சை நிறம் போய்விட்டால் யாபாரி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். வேலையாள் ஒருவன், "உள்ள ஆத்தா இருக்காகளே" என்று கேட்டான். "சூடுதான, குளிருக்கு எதமா இருக்கும். நீ வெறக வையி" என்று முப்பாட்டன் சொன்னான். விறகும் ஈரம். குழாயில் எங்கேயோ விரிசல். சூடு போகவேண்டிய இடத்தில் புகை போனது. அவள் கதவைத் தட்டினாள். எல்லாருக்கும் கேட்டது. "தட்டட்டும், தட்டட்டும், கொழுப்பு எறங்கட்டும்" என்றான். தட்டுவது நின்றபிறகு, புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்களாம். திறந்தபோது கதவோடு கதவாக, நின்றபடி சாய்ந்திருந்தாள். திறந்ததும் வெளியே விழுந்தாள்.

அந்த இடத்தில்தான் கல் நிற்கிறது. பக்தரை வரவேற்க வந்து நிற்கவில்லை, தம்பி. வெளியே விடச் சொல்லி நிற்கிறாள். பின்னால் இந்த வீட்டில் பிறந்த பிள்ளையெல்லாம் தங்காமல் போனபோது பயந்துபோய்க் கோடாங்கியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் குடியிருக்க இடம் கேட்கிறாள் என்று கோடாங்கி சொன்னான். முப்பாட்டன் வேறு இடம்கூடக் கொடுக்கவில்லை. அவளைக் கொன்ற அறையையே கோயில் ஆக்கி, கல்லை நட்டு, மறுபடியும் கதவைச் சாத்தினான். செலவு மிச்சம்.

இன்னொன்று கேட்டுக்கொள், உன் கிரானைட்டில் இதற்கும் இடம் இருக்கிறது. அந்த அடுப்பில் காய்ந்த ஏலக்காயை என்ன செய்தார்கள் தெரியுமா? கொட்டினார்களா, எரித்தார்களா? விற்றார்கள். நிறம் நன்றாக நின்றதாம், அந்த வருஷம் நல்ல விலைக்குப் போனதாம். 'தட்டத் தட்டக் காய் பிடிக்கும்' என்று நீங்கள் கூவுகிறீர்களே, அந்தப் பேச்சு அங்கே பிறந்ததுதான். போடியில் எந்தக் கடையைத் தாண்டிப் போனாலும் ஏலக்காய் வாசனை அடிக்கும். வெளியூர்க்காரர்கள் மூச்சை இழுத்து, "ஆகா" என்பார்கள். நான் அந்த வாசனையை என் கதவடைப்புக்குப் பிறகு பாயசத்தில்கூடச் சேர்த்ததில்லை. 'அம்மா வைக்கிற பாயசத்துல மணமே இல்ல' என்று நீ எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கிறாய்!

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அப்பத்தா, "ஓடிப்போறவளுக்கு இந்த வீட்டுல என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்கிட்டியா? பொறந்த வீட்டுப் பேச்சே வாயில வரக்கூடாது" என்றாள். நான் அப்போது டீச்சர் டிரெயினிங்கில் சேர இடம் கிடைத்திருந்த பெண். தேனிக்குப் போய் வந்து படிக்கலாம் என்று உன் அப்பா பெண் பார்க்க வந்தபோது சொல்லியிருந்தார். அதற்குத்தான் எனக்கு இந்தப் பாடம். அப்பத்தா போய்விட்டாள். பந்தியில் கிடாக்கறி போட்டிருந்தார்கள், வாசனை உள்ளே வந்தது. நான் தட்டினேன். எப்படித் தட்டினேன் தெரியுமா? கதவுக்கும் எனக்கும் நடுவில் அவள் நிற்கிறாளே. அந்தக் கல்லைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, அவள் தோளுக்கு மேலே கையை நீட்டித்தான் கதவு எட்டும். கன்னம் அவள் முதுகில் உரசித் தோல் வழன்றது. நான் தட்டத் தட்ட வெளியே உறுமி ஏறியது. கூவுகிறவர்களில் உன் அப்பாவின் குரல் எனக்குத் தனியாகத் தெரிந்தது. தட்டுவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் யாரும் திறக்கவில்லை. திறந்ததும் உன் அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "கறி ஆறிப்போச்சு, வெரசாப் போயி சாப்புடு" என்றார். நான் சாப்பிட்டேன். டிரெயினிங் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்தது என்று எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். அடுத்த வருஷம் நீ பிறந்தாய்.

சித்தப்பாமார்களே, இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பொம்பளைகள் முகத்தைப் பாருங்கள். அவர்கள் யாரும் அதிர்ச்சி அடையமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அந்த முதுகைப் பார்த்தவர்கள்தான். எங்கள் வாயைக் கட்டிப்போட்டது எது என்று கேட்காதீர்கள். ஆம்பளை காதில் இந்தக் கதை விழுந்தால் வம்சம் அழியும் என்று கதவிடுக்கிலேயே சத்தியம் வாங்குவார்கள். வம்சத்தை உத்தேசித்துத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். போன வாரம் மாடியில் நீ சிரித்த சிரிப்பைக் கேட்டேன், தம்பி. அழிந்தால் அழியட்டும் என்று தோன்றிவிட்டது. பெற்றவள் சொல்லக்கூடாத வார்த்தை. சொல்லிவிட்டேன், திருப்பி எடுக்கமாட்டேன்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். சுகன்யாவை நான் அடைக்கமாட்டேன். தாழ்ப்பாளில் ஆம்பளை கை படக்கூடாது என்பது உங்கள் சட்டம், ஆகவே நீயும் அடைக்கமுடியாது. சுகன்யாவுக்கு இந்தக் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டுத்தான் குரூப்பில் போடுகிறேன். வேலைக்குப் போவதும் போகாததும் அவள் இஷ்டம். உன்னைக் கட்டிக்கொள்வதும் கட்டிக்கொள்ளாததும் அவள் இஷ்டம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று என்று யாராவது அவளிடம் பேசினால், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ குரங்கணிக்கு வா. ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன். கேமரா வேண்டாம், உறுமி வேண்டாம். அந்த இடுக்கில் உடம்பை ஒடுக்கி உள்ளே போ. அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, இங்கே எழுதியதையெல்லாம் கதவிடுக்கில் வாயை வைத்து உனக்கு மறுபடியும் சொல்வேன். எழுத்தில் படிப்பது வேறு, இருட்டில் கேட்பது வேறு. சொல்லி முடித்துவிட்டு நான் சாப்பிடப் போய்விடுவேன். வெளியே வந்தபிறகும் 'அவளை அடைம்மா' என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு நாக்கு எழுந்தால், அப்போது நான் உன்னைப் பெற்றது எதற்கு என்று யோசித்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை அனுப்பி, குரூப்பில் போடுவதற்குள்ளேயே சுகன்யாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வெள்ளிக்கிழமை நானும் வரட்டா அத்தை? வெளிய உங்ககூட நிக்கிறதுக்கு" என்று கேட்டிருக்கிறாள். வா என்று சொல்லிவிட்டேன். ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு வருகிறோம்.

எவ்வளவு நேரம் உள்ளே இருக்கவேண்டும் என்று கேட்காதே. எனக்கு யாரும் சொல்லவில்லை.

உன் அம்மா